தண்ணீர்க் கணக்குக் கேட்டால் வழக்கா?

ஒரு நாளேடு ஒரு கேள்வி கேட்டது. படைக்கலத்தின் இரகசியத்தைக் கேட்கவில்லை. கருவூலத்தின் திறவுகோலைக் கேட்கவில்லை. "ஊர்த் தண்ணீரில் கம்பெனி குடிப்பது எவ்வளவு?" என்று கேட்டது. கிடைத்த விடை என்ன? வழக்கு!

கற்பனையல்ல, தோழர்களே! அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், தி டால்ஸ் என்றொரு சிறு நகரம். வாழ்வோர் சுமார் 16,000 பேர். அங்கே 2006 முதல் கூகுள் கம்பெனியின் கணிப்பொறிக் கூடங்கள் இயங்குகின்றன. அல்லும் பகலும் ஓடும் பொறிகள், ஓடினால் சூடேறும், சூடேறினால் குளிர்விக்க வேண்டும், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரோ ஆவியாகிப் பறந்துவிடும்!

2021-இல் 'தி ஓரிகோனியன்' ஏடு கணக்குக் கேட்டது. "அது கம்பெனியின் தொழில் இரகசியம்" என்றது நகராட்சி. "கணக்கைக் கொடு" என்றார் மாவட்ட அரசு வழக்கறிஞர். கொடுத்தனரா? இல்லை, ஏட்டின் மீதே வழக்குத் தொடுத்தனர்! அந்த வழக்கு நிற்கும்போதே, அவ்வாண்டு நவம்பரில், மேலும் கூடங்கள் கட்டவிருந்த கம்பெனிக்குத் தண்ணீர் வழங்கும் ஒப்பந்தத்தை நகர மன்றம் ஏற்றது. கணக்கு மூடிய பெட்டியிலே. கை மட்டும் உயரத்திலே!

2022 டிசம்பரில் வழக்கைக் கைவிட்டனர், கணக்கு வெளிவந்தது. 2021-இல் மட்டும் கூகுள் கூடங்கள் குடித்தது சுமார் 134 கோடி லிட்டர்! ஊரே செலவிட்ட தண்ணீரில் கால் பங்குக்கும் மேல்! ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய மும்மடங்கு!

இன்று ஊரெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவு வானத்தில் வாழவில்லை. இத்தகைய கூடங்களில்தான் வாழ்கிறது. அதன் பசியோ பெரும்பசி! 2024-இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டைக் கணிப்பொறிக் கூடங்கள் உண்டன. 2030-க்குள் அது இரட்டிப்புக்கும் மேலாகும் என்கிறது பன்னாட்டு எரிசக்தி முகமை. 2023-இல் தான் வெளியேற்றிய கரியமில வாயு 2019-ஐவிட 48 விழுக்காடு அதிகம் என்று கூகுளின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

"அறிவியலை எதிர்ப்பதா? தண்ணீருக்கு விலை கொடுக்கிறார்களே!" என்பார்கள். பொறியைக் கண்டு அஞ்சுவோர் அல்லர் நாம். பொறியோடு உழைத்து உண்பவர்கள். பொறி வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு வேண்டும் என்கிறோம். ஏழை வீட்டுக் குழாய்க்கு மீட்டர் உண்டு. அதைப் படிக்க ஆள் வருகிறார். கம்பெனிக் குழாய்க்கும் மீட்டர் உண்டு. அதற்கு மட்டும் ஏன் திரை?

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு புகை என்ற கணக்கை, அனுமதி அளிப்பதற்கு முன்பே மக்கள் முன் வைக்க வேண்டும். அனுமதித்த பின்னர் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். எந்த நாட்டு மன்றமாயினும் இதுவே முறை.

கணக்கை மறைத்துவிட்டு மக்களின் பெயரால் போடும் ஒப்பந்தம், மக்களின் கண்ணைக் கட்டி வாங்கும் கையெழுத்து! கட்டை அவிழ்க்கச் சொல்வது குற்றமல்ல, அதுதான் குடியாட்சி!