ஒரு பூனைக்காகவா?

சென்ற தவணைப் பரீட்சைக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, "ஒரு பூனைக்காகவா இவ்வளவு?" என்ற கேள்வியை ஒரே நாளில் நான்கு பேரிடமிருந்து கேட்டேன். ஒருவர் என் வகுப்புத் தோழி. ஒருவர் சாச்சி. ஒருவர் எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டில் இருக்கும் மாமி. நான்காவது ஆள் நானேதான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பூனையின் பெயர் சீனி. கொட்டாஞ்சேனையில் உம்மும்மாவின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பிறந்தவன். தாய்ப்பூனை ஒருநாள் திரும்பி வராமல் போனபோது, பழைய சப்பாத்துப் பெட்டியொன்றில் வைத்து அவனை வெள்ளவத்தைக்குக் கொண்டு வந்தோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு நான் படித்த இரவுகளில் என் புத்தகத்தின் மேலேயே படுத்திருப்பான். கடலோரமாகப் போகும் இரவு ரயிலின் சத்தம் கேட்டால் ஒரு காதை மட்டும் திருப்புவான். பிறகு மறுபடி தூங்கிவிடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மஃரிபுக்குப் பிறகு சீனி தன் மணல் தட்டுக்கு அடிக்கடி போவதைக் கண்டேன். போவான், உட்காருவான், முக்குவான், வெளியே வருவான். மணல் நனைந்திருக்காது. சற்று நேரத்தில் மறுபடியும் போவான். இரவுச் சாப்பாட்டை அவன் தொடவில்லை. "மலச்சிக்கலா இருக்கும் மகள், நாளைக்குச் சரியாகிடும்" என்றார் உம்மா.

புதன்கிழமையும் அப்படியே இருந்தான். பாடசாலையில் தோழியிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். பின்னேரம் சாச்சி தொலைபேசியில், "எக்ஸாம் எடுக்கப் போற புள்ள பூனைக்கு அழுதுகொண்டு இருக்கிறதா?" என்று உம்மாவிடம் கேட்பது எனக்கும் கேட்டது. மேல் வீட்டு மாமி, உலகத்தில் எத்தனை பிள்ளைகள் சாப்பாடில்லாமல் இருக்கிறார்கள் என்று நினைவூட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாப்பா கடையைப் பூட்டிவிட்டுக் களைத்துப்போய் வந்தபோது, "சீனிக்குச் சுகமில்லை" என்று மட்டும் சொன்னேன். "என்ன செய்யுது?" என்று கேட்டார். "என்னவோ மாதிரி இருக்கான்" என்றேன். "நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. நெஞ்சு படபடத்தது, கைகள் குளிர்ந்திருந்தன. கையடக்கத் தொலைபேசியில் தேடத் தேட ஒவ்வொரு பக்கமும் ஒரு புதிய நோயைச் சொன்னது. இரசாயனவியல் புத்தகத்தின் ஒரே பந்தியை ஏழெட்டுத் தடவை வாசித்தேன். ஒரு சொல்கூட மனதில் நிற்கவில்லை. இரவு இரண்டு மணியளவில் சீனியின் வயிற்றைத் தொட்டபோது அவன் கத்தினான். உம்மா எழுந்து வந்து, "கால் குளிசை பரசிட்டமோல் கரைச்சுக் குடுப்பமா?" என்று கேட்டார். கொடுக்க முயன்றோம். அவன் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த வாப்பா, சீனி குளியலறைத் தரையில் நீட்டி விழுந்து கிடப்பதைக் கண்டார். ஒன்றும் பேசாமல் ஓட்டோ பிடித்தார். மிருக வைத்தியர் சீனியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி, "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?" என்பதுதான். "செவ்வாய்க்கிழமை மஃரிபுக்கு முன்" என்றேன். "அப்படியென்றால் ஏன் நேற்றே கொண்டு வரவில்லை?" என்று கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்வழி மிகவும் ஒடுக்கமானது. சிறு பளிங்குகளோ சளி போன்ற பொருளோ அதை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேற முடியாது. சிறுநீர்ப்பை வீங்கும், சிறுநீரகங்கள் பாதிக்கப்படும், குருதியில் பொற்றாசியம் கூடி இதயத்தின் துடிப்பையே குழப்பிவிடும். முழுமையான அடைப்பென்றால் இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிரே போய்விடலாம். பார்ப்பவர்களுக்கோ அது மலச்சிக்கல் போலத்தான் தெரியும். இன்னொன்று பரசிட்டமோல். எமக்குக் காய்ச்சலைக் குறைக்கும் அந்தக் குளிசை பூனைக்கு நஞ்சு. அதை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. அதனால் செங்குழியங்கள் பழுதாகி ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமற் போகிறது. ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். உம்மா அன்புடன் கொடுக்க நினைத்த அந்தக் கால் குளிசையை சீனி மறுத்ததற்காக இன்றும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறேன்.

சீனியை மயக்கி, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். சேலைன் ஏற்றினார்கள். அவன் மூன்று நாட்கள் அங்கேயே இருந்தான். அந்த மூன்று நாட்களில் நான் யோசித்ததெல்லாம் அந்தப் புதன்கிழமையைப் பற்றித்தான். நோயை முதலில் கண்டவள் நான். அவன் தட்டுக்குப் போன தடவைகளும், மணல் நனையாததும் எனக்குத் தெரியும். எனினும் "என்னவோ மாதிரி இருக்கான்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏன்? ஒரு பூனைக்காகவா என்று மறுபடியும் கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம்தான். அந்த வெட்கத்தின் விலை சீனிக்கு ஒரு நாள்.

என் கருத்து இதுதான். பிள்ளையின் பதற்றத்தைப் பார்த்துச் சிரிப்பதால் பதற்றம் குறைவதில்லை. பிள்ளையின் வாய்தான் மூடுகிறது. வாயில்லாப் பிராணியின் நோயை முதலில் காண்பது, அதன்மேல் அதிக அன்பு வைத்திருப்பவர்தான். அவரும் வாய்மூடிவிட்டால் அந்தப் பிராணிக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

கெனத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் வெளியான தன் நூலில் இத்தகைய துயரத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒரு மனிதர் மௌத்தானால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், சாப்பாடு அனுப்புவார்கள், பாடசாலையில் விடுமுறை கேட்கலாம். வளர்த்த பிராணி நோயுற்றாலோ இறந்தாலோ அழுவதற்குக்கூட காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. வருத்தத்தோடு அதை மறைக்கும் பாரமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் எமது மார்க்கத்தில் இந்த அங்கீகாரம் என்றோ கிடைத்துவிட்டது. அனஸ் (ரழி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு சின்னத் தம்பி இருந்தார். அவர் நுகைர் எனப்படும் சிறு பறவையொன்றை வைத்து விளையாடி வந்தார். ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளை கவலையோடு இருப்பதைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். பறவை இறந்துவிட்டது என்றார்கள் வீட்டார். நபியவர்கள் "ஒரு பறவைக்காகவா?" என்று கேட்கவில்லை. பெரியவர்களை அழைப்பதுபோல் அபூ உமைர் என்றே அந்தச் சிறுவரை அழைத்து, நுகைருக்கு என்ன நடந்தது என்று அன்போடு விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள சம்பவம் இது. இப்னுல் காஸ் என்ற அறிஞர் இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் 60 பயன்களை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார். எனக்கு அதில் ஒன்று போதும்: கேட்பது.

பூனையைப் பற்றியும் எமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வுழூவுக்காக வைத்திருந்த நீரை ஒரு பூனை குடிக்க வந்தபோது, அபூ கதாதா (ரழி) அவர்கள் பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். அதை வியப்போடு பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபியவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸ் நாம் சிறுவயதில் மத்ரஸாவில் படித்ததே. அப்படியென்றால் வீட்டில் வளரும் பூனை எமக்கு அமானத். அமானத்துக்கு ஆபத்து வரும்போது மனம் பதறுவது பலவீனமா?

மேல் வீட்டு மாமியின் கேள்வியையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. பசித்த பிள்ளைகள் இருக்கும் உலகத்தில் பூனைக்குச் செலவழிக்கலாமா? 2022இல் நாட்டில் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் வரிசையில் நின்றவர்கள் நாம். சீனியின் வைத்தியச் செலவுக்காக வாப்பா ஒரு வேறு செலவைத் தள்ளிப்போட்டார் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாக் குடும்பங்களாலும் அது முடியாது; முடியாதவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இரக்கம் மூட்டையிலுள்ள அரிசியல்ல, ஒருவருக்கு அள்ளினால் மற்றவருக்குக் குறைவதற்கு. பூனையின் வலியைக் கவனிக்கப் பழகிய பிள்ளை மனிதரின் வலியையும் கவனிக்கும். தவிர, கேட்பதற்குச் செலவில்லை. அன்று யாராவது "அவன் எத்தனை தடவை போனான், ஒரு துளியாவது வந்ததா?" என்று கேட்டிருந்தால் அதுவே போதுமாக இருந்திருக்கும்.

இனி என்னைப்போன்ற மாணவிகளுக்கு. அந்த மூன்று நாட்களிலும் பிறகும் எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பயத்தைத் தகவலாக மாற்றுவது. வைத்தியர் ஒரு கொப்பியில் குறித்து வைக்கச் சொன்னார்: எவ்வளவு சாப்பிட்டான், எவ்வளவு நீர் குடித்தான், எத்தனை தடவை சிறுநீர் கழித்தான், தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. தூங்கும் பூனைக்கு 30க்குக் குறைவாக இருக்க வேண்டும். எண்ணும்போது என் மூச்சும் தானாக நிதானமானது. "பயமாக இருக்கிறது" என்றால் வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். "நேற்று மஃரிபிலிருந்து ஒன்பது தடவை போனான், ஒரு துளியும் வரவில்லை" என்றால் ஓட்டோ பிடிப்பார்கள்.

இரண்டாவது, இரவில் தொலைபேசியில் நோய்களைத் தேடாமல் இருப்பது. பார்க்காத பூனையின் நோயை எந்தப் பக்கத்தாலும் சொல்ல முடியாது. கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்து மறுநாள் வைத்தியரிடமே கேளுங்கள்.

மூன்றாவது, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி சொல்லப்பட்டதை நினைப்பது. கட்டாமல் விட்டால் அது தவக்குல் அல்ல. கட்டிய பிறகும் கயிற்றையே பிடித்துக்கொண்டு இரவெல்லாம் நிற்பதும் தவக்குல் அல்ல. கொப்பியை எழுதி, தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றி, துஆக் கேட்டுவிட்டுப் படுத்துவிட வேண்டும்.

நான்காவது, ஒருவரிடமாவது சொல்வது. எனக்கு அந்த ஒருவர் உம்மும்மா. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு அழைத்து, "என்ட பூனைப் புள்ள எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. பதற்றம் நாட்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டுப்போனால், வெட்கப்படாமல் வகுப்பாசிரியையிடமோ பாடசாலை ஆலோசனை ஆசிரியையிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் அதற்காகத்தான் இருக்கிறது.

சீனி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் இந்த நோய் திரும்பவும் வரக்கூடியது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆகவே பயம் முழுவதுமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரசாயனவியலில் என் புள்ளிகள் குறைந்தன; அதையும் மறைக்கவில்லை. இப்போது உலர் உணவைக் குறைத்து, அவித்த மீனில் நீர் கலந்து கொடுக்கிறோம். தண்ணீர்க் கிண்ணம் மூன்று இடங்களில் இருக்கிறது.

வீட்டில் ஒரு மாற்றம் மட்டும் நடந்திருக்கிறது. வாப்பா இரவில் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் கேட்கிறார்: "மகள், இண்டைக்கு எத்தனை தடவை?" நான் கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு வுழூச் செய்யப் போகிறார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு பூனைக்காகவோ கிளிக்காகவோ மீன்தொட்டியில் மிதக்கும் ஒரு மீனுக்காகவோ முகம் வாடி நின்றால், என் வாப்பாவைப்போல ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை நில்லுங்கள்.