வீட்டுக்கு ஒரு மிதிவண்டி



விடியுமுன் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டையைச் சுமந்து செல்லும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும். மாலையில் புல்லுக்கட்டோடு வண்டிப்பாதையில் வீடு திரும்பும். ஞாயிறன்று கோயிலுக்கும் வரும். பழைய கறுப்பு மிதிவண்டி நம் குடும்பங்களுக்குச் செய்த ஊழியம் இது. இன்றோ, பந்தயத்துக்கு ஒன்று, மலைப்பாதைக்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று எனக் கடைகளில் வகை வகையாக நிற்கின்றன. வரவுக்குள் வாழவேண்டிய குடும்பத்துக்கு ஒரே வண்டி போதுமா? போதும் என்பதே நம் கருத்து. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

முதலில் வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். அதன் சக்கரம் 28 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளங்களில் எளிதாக உருண்டு ஏறும். முன் சக்கரத்தில் 32 கம்பிகள், பின் சக்கரத்தில் 40 கம்பிகள் என்பது பழைய வழக்கம். பாரம் பின்னால் விழுவதே காரணம். பல்சக்கர மாற்று கியர் இல்லாததால் பழுதும் குறைவு. சாலையோரக் கடையிலேயே சீர்செய்துவிடலாம். குறையும் உண்டு. வண்டி கனமானது; ஏற்றத்தில் திணறும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறினால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் சமவெளியில் ஆண்டுக்கு எத்தனை நாள் மலையேறப் போகிறோம்? அந்தச் சில நாட்களுக்காக மற்ற நாட்களின் வசதியை இழப்பது அறிவுடைமை ஆகாது.

இனி நிபந்தனைக்கு வருவோம். ஒரு வீட்டில் ஒரே வண்டி இருந்து, அதைக் குடும்பத் தலைவர் மட்டுமே ஓட்டினால், அவர் வேலைக்குப் போனபின் வீட்டார் அனைவரும் நடைதான். வண்டி பலவற்றுக்கும் பயன்படுவது அதன் இரும்பினால் மட்டும் அன்று. பலரும் ஓட்டத் தெரிந்திருப்பதாலேயாம்.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சான்று. 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. ஏளனம் செய்தோரும் உண்டு. எனினும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். பேருந்துக்குக் காத்திராமல் சந்தைக்குச் சென்றனர். தண்ணீர்க் குடத்தைக் கட்டிவந்தனர். அவர்களுள் பலர் குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே விரும்பினர். கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் அல்லவா!

ஆகவே, வண்டி வாங்குமுன் அதை ஓட்டப்போகும் அனைவரையும் கேளுங்கள். உயரம் குறைந்தவர் ஏறி இறங்கித் தரையில் கால் ஊன்ற முடியாத வண்டி குடும்பத்துக்கு உதவாது. சேலையில் ஓட்டுபவர்க்குக் கம்பியில்லாத வண்டி எளிது. அதை ஆண்களும் கூச்சமின்றி ஓட்டலாம். சீட்டின் தண்டில் ஒவ்வொருவர் உயரத்துக்கும் வண்ணத்தால் ஒரு கோடு இட்டுவையுங்கள். ஆள் மாறும்போது சரிசெய்வது நொடிப்பொழுது. பெடல் கீழே இருக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருப்பது சரியான உயரம். வாரம் ஒருமுறை காற்று, பிரேக், செயினுக்குச் சில துளி எண்ணெய் ஆகியவற்றைக் கவனிப்பதைப் பிள்ளைகள் முறைவைத்துச் செய்யட்டும்.

சில வீடுகளில் புதிதாக வாங்கவும் தேவையில்லை. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தமிழக அரசு தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. அவ்வாறு வந்த வண்டி, மகள் பள்ளிப்படிப்பை முடித்ததும் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கிறதா? பள்ளி முடிந்ததனால் அவளுடைய பயணமும் முடிந்துவிட்டதா?

பழைய இரும்புக் கடைக்கு அதைத் தள்ளிச் செல்லுமுன் சிந்தியுங்கள். டயரை மாற்றுங்கள், செயினைத் துடையுங்கள். மகள் ஓட்டட்டும், அவளே தாய்க்கும் கற்றுக்கொடுக்கட்டும். அன்று முதல் அது வீட்டார் அனைவரின் வண்டியாகும்.