மஞ்சள் ஜேசிபியும் மாமா அடிச்ச பெயிண்டும்

பொங்கல் லீவுக்கு நாரணாபுரம் போயிருந்தப்போ நடந்த கதை இது. அக்கா பையனுக்கு மூணு வயசு. அவன்கிட்ட ஒரு பிளாஸ்டிக் ஜேசிபி உண்டு. வெயில்ல கிடந்து கிடந்து மஞ்சளெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நமக்குத்தான் விமான மாடல் ஒட்டி பெயிண்ட் அடிக்கிற கிறுக்கு இருக்கே, சும்மா இருப்போமா? சிவகாசி போய், வண்டிக்கு டச்சப் பண்ற ஸ்ப்ரே டப்பா ஒண்ணு வாங்கி வந்து மொட்டை மாடியில வச்சு அடிச்சேன். ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு. பையன் "மாமா மாமா"ன்னு காலைக் கட்டிக்கிட்டான்.

மறுநாள் காலையில பார்த்தா பக்கெட் ஓரத்துல பெயிண்ட் உரிஞ்சு பழைய நிறம் எட்டிப் பார்க்குது. பையன் உதட்டுல மஞ்சள் துணுக்கு. அக்கா அவன் வாயைக் கழுவி விட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "ஏண்டா, அந்த டப்பாவுல என்ன போட்டிருக்கான்?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தீப்பிடிக்கும்னு ஒரு படம், நிறத்தோட பேரு. அவ்வளவுதான். ஆபீஸ்ல ஒரு லைப்ரரி சேர்க்கணும்னா உள்ளே என்ன இருக்குன்னு நாலு தடவை பார்க்கிற ஆளு, இங்க முழிச்சேன்.

மஞ்சளுக்கு என்ன தனிப் பயம்னு கேட்பீங்க. வெயிலுக்கு வெளுக்காம, அடியில இருக்கிறதை நல்லா மறைக்கிற, விலையும் குறைஞ்ச மஞ்சள்னா ரொம்ப காலமா லெட் குரோமேட்தான். அதாவது காரீயம். வயித்துக்குள்ள போற காரீயத்தைப் பெரியவங்களை விடச் சின்னக் குழந்தைங்க நாலஞ்சு மடங்கு அதிகமா உடம்புல சேர்த்துக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதிப்பு மூளைக்கு.

நம்ம நாட்டுல சட்டம் இல்லாமல் இல்லை. 2016ல விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் பெயிண்ட்ல காரீயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஆச்சு. ஆனா அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு மட்டும். வண்டிக்கு அடிக்கிறது அந்த விதிக்குள்ள வராது. கடையில விக்கிற பொம்மைக்கு 2021 ஜனவரியில இருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சரி, அந்த முத்திரை பொம்மை மேல நான் போய் ஸ்ப்ரே அடிச்சா? முத்திரைக்கு அர்த்தமே போச்சு. இதுல கூத்து என்னன்னா, 2017 ஜூலையில உச்ச நீதிமன்றம் பட்டாசுல காரீயம் கூடாதுன்னு சொன்னது எங்க ஊர்ல பச்சைப்புள்ளைக்கும் தெரியும். வெடிச்சுப் போற சாமானுக்கு அத்தனை பேச்சு, வாயில வைக்கிற சாமானுக்கு நான் யோசிக்கவே இல்லை.

அதனால என் கட்சி இதுதான் மக்களே. மாடல் பெயிண்டிங்ல முதல் கேள்வி எந்த நிறம், எந்த கம்பெனி என்பதில்லை. இது அலமாரிக்கா, குழந்தை கைக்கா? குழந்தை கைக்குன்னா அடிக்காதீங்க. வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும்.

"வெளிநாட்டு மாடல் பெயிண்ட் வாங்கி அடிச்சா போச்சு"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. ஒத்துக்க மாட்டேன். டாமியாவோ வேறெதுவோ, அதெல்லாம் அலமாரி மாடலுக்காகச் செய்தது. கடிக்கிற பொம்மைக்குன்னு சோதிச்சதா டப்பாவுல போட்டிருந்தாத்தான் நம்பலாம். "மேல வார்னிஷ் ஒரு கோட்டிங் கொடு"ன்னு இன்னொரு யோசனை. கடிக்கிறவன் வார்னிஷையும் சேர்த்துத்தானே கடிப்பான்? :-)

பெயிண்ட் ஏன் அவ்வளவு சுலபமா உரிஞ்சதுன்னு அப்புறம் தண்ணியில போட்டுப் பார்த்தேன். உடைஞ்ச துண்டு ஒண்ணு மிதந்துச்சு. மிதந்தா பாலிப்ராப்பிலீன் இல்லைன்னா பாலிஎத்திலீன். இந்த ரெண்டு மேலயும் சாதாரணமா எந்த பெயிண்டும் பிடிக்காது. விமான மாடல் கிட் எல்லாம் பாலிஸ்டைரீன், அது முங்கும். அதுல பெயிண்ட் நல்லாவே பிடிக்கும், ஆனா காரமான தின்னர் பட்டா பிளாஸ்டிக்கே இளகிடும். என் முதல் விமானத்தோட இறக்கை அப்படித்தான் அப்பளமாச்சு.

அலமாரி மாடல்னா தாராளமா அடிங்க. பாத்திரம் கழுவுற சோப்புல முதல்ல கழுவிடுங்க, அச்சுல இருந்து வந்த எண்ணெய்ப் பசை போகணும். பிரைமர், அப்புறம் மெலிசா ரெண்டு மூணு கோட்டிங். எங்க ஊர் வறண்ட காத்து இதுக்கு நல்லதுதான், ஆனா மத்தியான வெயில்ல ஸ்ப்ரே அடிச்சா துளி காத்துலயே காஞ்சு, மேல மணல் மாதிரி சொரசொரன்னு உட்காரும். காலையில அடிங்க. டப்பாவுல இருக்கிறது எரியிற வாயு, அடுப்புப் பக்கம் வேண்டாம். எங்க ஊர்க்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

பழைய பொம்மையில இருக்கிற பெயிண்டை உரசி எடுக்கணும்னு நினைக்கிறவங்க வறட்டா உப்புத்தாள் போடாதீங்க. அந்தத் தூசிதான் பெயிண்டை விட மோசம்.

ஜேசிபி இப்போ சென்னையில என் மானிட்டர் பக்கத்துல நிக்குது. பையனுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுத்தாச்சு. ஆனா போன் பண்ணும்போதெல்லாம் "மாமா, என் வண்டி எப்போ வரும்?"னு அவன் கேட்கிறது இதைத்தான்.