எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமா?

மேல்மலையனூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அமாவாசை ராத்திரி அங்கே யாரும் தூங்க மாட்டார்கள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் முடியவே நடுநிசி ஆகிவிடும். அதற்கப்புறம் பஸ்ஸுக்கு ஓடும் ஒரு கூட்டம், வேன் தேடும் ஒரு கூட்டம், தூக்கக் கண்ணோடு பைக்கை உதைக்கும் ஒரு கூட்டம். என் சித்தப்பா பையன் மூணாவது கூட்டம். வயசு 19, காலேஜில் செகண்ட் இயர். ஹெல்மெட்? அது பாட்டுக்கு பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது!

செஞ்சி ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பையன் கீழே. ஒரு நிமிஷம்போல நினைவில்லை. அப்புறம் தானே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடா, வண்டிக்கு என்னாச்சு பாரு" என்றானாம். அரை மணி நேரத்தில் தலைவலி. ஒரு வாந்தி. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "தலைக்கு உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கணும்" என்றார் டியூட்டி டாக்டர். கூட இருந்த ஃப்ரெண்டு ஒருத்தன் எனக்கு போன் போட்டான்.

"அண்ணா, ஒரு சி.டி. எடுத்தா நானூறு எக்ஸ்ரே எடுத்த மாதிரியாம். பின்னாடி கேன்சர் வருமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. வேணாம்னு சொல்லிடலாமாண்ணா?"

மணி ராத்திரி ரெண்டரை. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் கத்தினேன்: "முதல்ல எடுக்கச் சொல்லுடா!"

எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் ஆபரேஷன். இப்போது பையன் நன்றாக இருக்கிறான். ஹெல்மெட் போடச் சொன்னால் மட்டும் இன்னும் முகம் சுளிக்கிறான்!

இதே குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு. என் சித்திக்கு ரொம்ப வருஷமாக ஒற்றைத் தலைவலி. ஒரே வருஷத்தில் மூணு தடவை தலைக்கு சி.டி. எடுத்திருக்கிறார். முதல் தடவை டாக்டர் எழுதினார். ரெண்டாவது தடவை வேறு ஆஸ்பத்திரி. பழைய ஃபிலிம் வீட்டில் பீரோ மேலே இருந்தது, யாரும் கேட்கவும் இல்லை. மூணாவது தடவை சித்தியே கேட்டு வாங்கியது. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர், மனசு நிம்மதியா இருக்கும்!" மூணிலும் ரிசல்ட் ஒண்ணுதான். நார்மல்.

எடுக்க வேண்டியவனைத் தடுக்கப் பார்த்தோம். எடுக்க வேண்டாதவருக்கு மூணு எடுத்தோம். நம்ம ஊரில் ஸ்கேன் கதை இப்படித்தான் ஓடுகிறது.

அந்த 'நானூறு' எங்கிருந்து வந்தது?

அது வெறும் வாட்ஸ்அப் வதந்தி இல்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரன்தீப் குலேரியா சொன்னது. லேசான அறிகுறி உள்ளவர்கள்கூட ஸ்கேன் சென்டரில் க்யூ கட்டி நின்ற நேரம். "ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேவுக்குச் சமம், லேசான தொற்றுக்குத் தேவையில்லை" என்பது அவர் பேச்சின் சாரம். உடனே இந்திய ரேடியாலஜி மற்றும் இமேஜிங் சங்கம் மறுப்புச் சொன்னது. அது பழைய கணக்கு, இப்போதைய நவீன மெஷினில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது.

யார் சொன்னது சரி? ரெண்டு பேரும் வேறு வேறு தராசு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கதிர்வீச்சு உடம்பில் ஏற்படுத்தும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். முன்பக்கம் மட்டும் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02. பக்கவாட்டிலும் சேர்த்து எடுத்தால் சுமார் 0.1. வழக்கமான மார்பு சி.டி. சுமார் 6 முதல் 7. முதல் எக்ஸ்ரேவோடு ஒப்பிட்டால் முந்நூறைத் தாண்டும்; ரெண்டாவதோடு ஒப்பிட்டால் அறுபது, எழுபதுதான் வரும். குறைந்த டோஸில் எடுக்கும் சி.டி. என்றால் 1.5-தான். அதற்கும் கீழே போகிற மெஷின்களும் உண்டு. ஆக, 'நானூறு' என்பதைக் கேட்டுப் பயப்படுவதும் தப்பு, 'அஞ்சு' என்பதைக் கேட்டு ஆடுவதும் தப்பு.

சும்மா இருந்தாலே வருமா?

வரும்! மண், பாறை, காற்று, ஆகாயம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கதிர்வீச்சு தருகின்றன. உலக சராசரி வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். தலைக்கு எடுக்கும் சி.டி. சுமார் 2. அதாவது பத்து மாதம் பூமியில் சும்மா உட்கார்ந்திருந்த கணக்கு. வயிறு, இடுப்பு சி.டி. சுமார் 8. கை, கால் எக்ஸ்ரே? 0.001. அதற்குப் போய் பயப்படவே வேண்டாம்.

சரி, ரிஸ்க் எவ்வளவு? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. சொல்லும் தோராயக் கணக்கு இது: 10 மில்லிசீவர்ட் வாங்கினால், பிற்காலத்தில் உயிர் பறிக்கும் கேன்சர் வர 2,000-ல் ஒரு வாய்ப்பு கூடலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் பெரிய அளவு கதிர்வீச்சில் தப்பியவர்களை வைத்துப் போட்ட கணக்கை, சின்ன அளவுக்கு நீட்டித்துச் சொல்வதுதான் இது. அதே விகிதத்தில் பார்த்தால் ஒரு தலை சி.டி.க்கு 10,000-ல் ஒன்று. இந்தப் பக்கம் 10,000-ல் ஒன்று. அந்தப் பக்கம் மண்டைக்குள் ரத்தம். தம்பி விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? சித்தி விஷயத்தில், அந்த இன்னொரு பக்கத்துத் தட்டில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் சின்ன ரிஸ்க்கும் எதற்கு? குழந்தைகளுக்கும் வயசு குறைந்தவர்களுக்கும் பாதிப்பு கூடுதல் என்பதால், அவர்கள் விஷயத்தில் இன்னும் யோசிக்க வேண்டும்.

லிமிட் இல்லை!

எக்ஸ்ரே ரூமில் வேலை செய்பவர் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் பார்த்திருப்பீர்கள். அவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறார் என்று அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அது. இந்தியாவில் அவருக்கு எந்த ஒரு வருஷத்திலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து வருஷச் சராசரி 20-ஐத் தாண்டக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

நோயாளிக்கு லிமிட்? கிடையாது. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தேவைப்பட்டால் உயிரைக் காப்பாற்ற எத்தனை தடவையும் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் லிமிட்டுக்குப் பதில் ரெண்டு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். இந்தப் படம் நிஜமாகவே தேவையா? தேவை என்றால், எவ்வளவு குறைந்த டோஸில் எடுக்கலாம்? உலகம் முழுக்க அடிப்படை இந்த ரெண்டுதான்.

முதல் கேள்விக்கு உதவ டாக்டர்களிடம் எளிய விதிகளே இருக்கின்றன. கனடாவில் 2001-ல் வெளியான தலைக்காய விதி ஒன்று: அடிபட்டு நினைவு தப்பியவருக்கு ரெண்டு தடவைக்கு மேல் வாந்தி, அல்லது சரியாக ரெண்டு தடவை வாந்தி, மண்டை ஓடு உடைந்த அறிகுறி, வயசு 65 அல்லது அதற்கு மேல், ரெண்டு மணி நேரமாகியும் முழு நினைவு திரும்பாதது... இப்படி ஏதாவது இருந்தால் சி.டி. எடு என்கிறது. தம்பிக்கு அந்த டியூட்டி டாக்டர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

கணுக்காலுக்கும் 1992-ல் அதே நாட்டில் ஒரு விதி வந்தது. செஞ்சிக் கோட்டைக்கு டூர் போய், ராஜகிரி படியில் கால் பிசகுகிற ஆசாமிகளுக்கு ரொம்பப் பொருத்தம்! கணுக்கால் எலும்பு முனையை அழுத்தினால் வலிக்கிறதா? நாலு அடி ஊன்றி நடக்க முடிகிறதா? அழுத்தினால் வலியில்லை, நடக்கவும் முடிகிறது என்றால், பெரும்பாலும் எக்ஸ்ரேயே வேண்டாம். அங்கே மிச்சமாவது கதிர்வீச்சைவிட காசும் நேரமும்தான்.

இதில் இன்னொரு சங்கதி. நோயாளியை ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதை, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளே தடை செய்கின்றன. எல்லா டாக்டரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் கேள்வி கேட்பது நம் உரிமை. மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இதையெல்லாம் கேளுங்க, செய்யுங்க!

* "இந்த ஸ்கேன் ரிசல்ட்டால வைத்தியம் மாறுமா டாக்டர்?" மாறாது என்றால், ஏன் எடுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

* "இதுக்குப் பதில் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா?" ரெண்டிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் எல்லாத்துக்கும் அவை பதில் ஆகாது. அவசரத் தலைக்காயத்துக்கு சி.டி.தான் வேகம்.

* பழைய ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். டாக்டரிடம் போகும்போது பையோடு போங்கள். சித்தியின் ரெண்டாவது ஸ்கேன் அந்த பீரோவால் வந்தது.

* கர்ப்பமாக இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ, வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* ரூமுக்கு மேலே சிவப்பு லைட் எரிந்தால் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். துணைக்கு நாலு பேர் நிற்க அது கல்யாண மண்டபம் இல்லை.

* டாக்டர் எழுதாமல் நீங்களாக "எதுக்கும் ஒண்ணு" என்று போகாதீர்கள். எழுதினால், வாட்ஸ்அப்பைப் பார்த்து ஓடாதீர்கள்.

போன வாரம் தம்பியைப் பார்த்தேன். முடி வளர்ந்து தையல் போட்ட இடம் தெரியவில்லை. போன் போட்ட அந்த ஃப்ரெண்டும் பக்கத்தில் இருந்தான். "அன்னிக்கு நீங்க எடுக்க வேணாம்னு சொல்லியிருந்தா, நான் அப்படியே சொல்லியிருப்பேண்ணா" என்றான். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் கம்மியது.

தம்பிதான் பேச்சை மாத்தினான். "விடுடா... வர்ற அமாவாசைக்குப் பஸ்ல போவோம்."