நிறுத்திய மாத்திரையையும் சொல்லுங்கள்



ஊரிலிருந்து மும்பைக்கோ தில்லிக்கோ பிள்ளைகளிடம் வந்திருக்கும் தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவர் உட்கொள்ளும் மருந்துகளைச் சொல்லவேண்டியவர் உடனிருப்பவரே. மருந்துப் பிழைகளைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய முயற்சியிலும், நோயாளி ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாறும் வேளையே அதிகக் கவனத்துக்குரிய ஒன்றாகக் குறிக்கப்பட்டது.

நம்மிடையே இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜெபித்தபின் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்ட சிலர், அதை மருத்துவரிடம் சொல்லக் கூசுகின்றனர். மாத்திரை உட்கொண்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றெண்ணி அவர் அளவை உயர்த்துகிறார். வார்டில் செவிலியர் அந்த முழு அளவையும் தவறாமல் கொடுக்க, சர்க்கரை மிகவும் தாழ்ந்து நோயாளி நினைவிழக்கவும் கூடும். செவிலியர்மேல் என்ன குற்றம்?

பெயரிலும் கவனம் தேவை. சபையில் ஞானஸ்நானப் பெயரால் அறியப்படும் சகோதரிக்கு ஆதார் அட்டையில் வேறு பெயர் இருக்கலாம். மணிக்கட்டுப் பட்டையில் உள்ளது எது என்று பாருங்கள். இந்தி அறியாத தாயார் எப்பெயரைக் கேட்டாலும் தலையசைத்துவிடுவார்.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். நிறுத்தியவற்றையும், நிறுத்திய நாளையும் (நாட்டு மருந்து உண்டெனில் அதையும்) முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.