பழைய கணினிக்குப் புதுத் தட்டு



கணினி கண் விழிப்பதற்குள் காப்பி ஆறிப்போகிறதென்று அலுத்து, பத்தாண்டு உழைத்த அதனைப் பழைய விலைக்குத் தள்ளிவிட எண்ணுகிறீர்களா? சற்றே பொறுங்கள். பெரும்பாலும் குற்றம் அதன் மூளையிலன்று. உள்ளே நிமிடத்திற்கு 5400 முறையோ 7200 முறையோ சுழலும் ஹார்டு டிஸ்கில் உள்ளது. அத்தட்டின்மீது சிறு தலையொன்று நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும். ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 10 மில்லி விநாடி செல்லும். அற்பமெனத் தோன்றலாம், கணினி திறப்பதற்குள் அத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வதுமில்லை, நகர்வதுமில்லை. ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்காவும் அவர்தம் குழுவினரும் 1987-இல் அறிவித்த ‘நாண்ட்’ நினைவகமே அதன் உயிர். தேடல் மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கிற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பழைய தட்டின் இடத்திலேயே அமரும். ஆனால், மறைந்த அன்னையின் ஒரே படம் அப்பழைய தட்டில்தான் உள்ளதென்றால்? திருப்புளியைத் தொடுமுன் படியெடுங்கள், ஒன்றன்று, இரண்டு. பழைய தட்டு பழுதாகுமுன் பலவேளை கடகடவென்று முனகி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. சொல்லாமலே போய்விடக்கூடும். வேகத்தில் மயங்கி இதை நாமும் சிலகாலம் மறந்திருந்தோம்.

கழற்றிய தட்டை எறியவேண்டா. சிறு உறையிலிட்டு யு.எஸ்.பி. வழியே இணைத்தால், இரண்டாம் படிக்கு இடமாகும். நமது தட்டு இப்போது அலமாரியில் அப்பணியையே செய்துகொண்டிருக்கிறது.