பாதிப் புகழும் பாதிப் பழியும் நடுநிலை ஆகாது

சர்ச்சையில் அடிபட்ட பத்திரிகையாளர் ஒருவரின் வாழ்க்கையைக் கலைக்களஞ்சியத்தில் எப்படி எழுதுவது? கேட்டால் பலரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ஆதரிப்பவர் சொல்வது பாதி, எதிர்ப்பவர் சொல்வது பாதி, முடிவை வாசகரிடம் விட்டுவிடு. விக்கிப்பீடியாவின் 'நடுநிலை நோக்கு' விதியைக்கூட இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு வேண்டுமானால் இந்தக் கணக்கு சரிப்படும்.

கேரி வெப்பின் வாழ்க்கையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 1996 ஆகஸ்ட் 18 முதல் மூன்று நாள், கலிபோர்னியாவின் 'சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்' நாளிதழில் 'டார்க் அலையன்ஸ்' என்ற தொடரை எழுதியவர் அவர். நிக்கராகுவாவின் சாண்டினிஸ்டா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் ஆதரவு இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் விற்ற கொக்கெயின் பணத்தில் பல மில்லியன் டாலர் அந்தப் படைக்குப் போனது என்றது தொடர். சரக்கு கொண்டுவந்தவர்களாக டனிலோ பிளான்டோன், நோர்வின் மெனெசஸ் இருவரையும், அதை வாங்கி விற்றவராக 'ஃப்ரீவே' ரிக் ராஸையும் அடையாளம் காட்டியது.

பாதிக்குப் பாதி முறையில் எழுதினால் குறிப்பு இப்படி வரும்: 'கறுப்பின மக்களிடையே சிஐஏ திட்டமிட்டுப் போதைப்பொருளைப் பரப்பியதாக வெப் எழுதினார், சிஐஏ மறுத்தது.' இரு தரப்பும் வந்தாயிற்று, ஆனால் வாக்கியமே தவறு. வெப் அப்படி எழுதவில்லை. தொடரின் தொனியும், சிஐஏ முத்திரையின் மேல் ஒருவர் 'கிராக்' கொக்கெயின் புகைப்பதைப் போலப் பத்திரிகை போட்ட சின்னமும் பல வாசகரை அந்த முடிவுக்குக் கொண்டுபோயின. சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டு, அதற்கு எதிரே ஒரு மறுப்பை நிறுத்தினால் சமநிலை வந்துவிடுமா? தொடர் சொன்னது எது, மக்கள் அதில் படித்தது எது என்று பிரித்து எழுதுவதுதான் இங்கே முதல் வேலை.

அடுத்து வருவது, பெரிய பத்திரிகைகள் சொன்னதே முடிவு என்ற வாதம். 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்', 'நியூயார்க் டைம்ஸ்' மூன்றும் 1996 அக்டோபரில் தொடரைக் கிழித்துப் போட்டது உண்மை. 1997 மே மாதத்தில் மெர்க்குரி நியூஸின் ஆசிரியர் ஜெரி செப்போஸே தொடரில் குறைகள் உண்டென்று எழுதினார்; பண மதிப்பீட்டை உறுதியான உண்மையைப் போலத் தந்ததும், கிராக் பரவிய கதையை மிக எளிமையாக்கியதும் அவற்றில் சேரும். வெப் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து குபர்டினோவின் சிறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார், ஆண்டு முடிவில் விலகினார். எதிர்ப்பாளர்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஆதரவாளர்கள் 1998இல் திறக்கிறார்கள். சிஐஏவின் தலைமை ஆய்வாளர் ஃபிரெடெரிக் ஹிட்ஸின் அறிக்கை அந்த ஆண்டில் இரண்டு பாகங்களாக வந்தது. 'வெப் சொன்னதையெல்லாம் சிஐஏவே ஒப்புக்கொண்டது' என்று எழுத அவர்களுக்கு அது போதும். ஆனால் முதல் பாகம், பிளான்டோனுக்கும் மெனெசஸுக்கும் ராஸுக்கும் சிஐஏவுடன் தொடர்பிருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. இரண்டாம் பாகமோ, போதைக் கடத்தல் புகார் இருப்பது தெரிந்தும் கான்ட்ரா தொடர்புடைய சிலருடன் சிஐஏ உறவைத் துண்டிக்கவில்லை என்பதை வெளிக்கொண்டுவந்தது. முதல் பாகம் வெப்பின் கதையில் உள்ள குறிப்பிட்ட மனிதர்களைப் பற்றியது, இரண்டாவது அதைவிடப் பெரிய படத்தைப் பற்றியது. இரண்டையும் குழைத்து 'ஓரளவு நிரூபணம்' என்று எழுதுவது சோம்பேறித்தனம். 2013இல், அன்று லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் வெப்புக்கு எதிராக எழுதிய ஜெஸ்ஸி காட்ஸ், அது அளவு மீறிய தாக்குதல் என்று வருந்தினார். தேதியோடு அதுவும் குறிப்பில் வர வேண்டும். ஆனால் அவர் வருந்தியது தாக்குதலின் அளவுக்கு. தொடரின் பிழைகள் அதனால் நீங்கவில்லை.

அன்பால் வரும் பிழைகளும் இருக்கின்றன. 'புலிட்சர் பரிசு பெற்ற வெப்' என்று எழுதுகிறார்கள். 1990இல் கிடைத்த அந்தப் பரிசு லோமா பிரியெட்டா நிலநடுக்கச் செய்திகளுக்கானது. பத்திரிகையின் ஊழியர் குழுவுக்குத் தரப்பட்டது, அதில் அவரும் ஒருவர். கான்ட்ரா–கொக்கெயின் தொடர்பை முதலில் வெளியிட்டவர் என்பதும் சரியல்ல. ஏபி செய்தி நிறுவனத்தின் ராபர்ட் பாரியும் பிரையன் பார்ஜரும் 1985லேயே எழுதிவிட்டார்கள். செனட்டர் ஜான் கெர்ரியின் துணைக்குழு 1989இல் அறிக்கையே தந்துவிட்டது.

2004 டிசம்பரில் வெப் இறந்தார். மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று முடிவு செய்தார். கொலை என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பாதிக்குப் பாதிக்காரர் 'தற்கொலை என்பர் சிலர், கொலை என்பர் சிலர்' என்று எழுதுவார். விசாரணையின் முடிவும் சான்றில்லாத பேச்சும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவையா? முடிவைச் சொல்லிவிட்டு, இப்படியொரு பேச்சும் உண்டு என்று ஒரு வரி போட்டால் போதும்.

'சம்பந்தப்பட்டவருக்குத்தான் உண்மை தெரியும், அவரே திருத்தட்டும்' என்போருக்கு ஜோஹன் ஹாரி நினைவிருக்கட்டும். பிரிட்டனின் 'இன்டிபென்டென்ட்' நாளிதழில் பத்தியாளராக இருந்தவர். கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டில் சிக்கி 2011இல் ஆர்வெல் பரிசைத் திருப்பித் தந்தவர். விக்கிப்பீடியாவில் வேறு பெயரில் புகுந்து தன் பக்கத்தில் தனக்குப் பாதகமானவற்றை நீக்கியதையும், தன்னோடு மோதியவர்களின் பக்கங்களில் விஷம் கலந்ததையும் அதே ஆண்டில் அவரே ஒப்புக்கொண்டார். சம்பந்தப்பட்டவர் தவறைச் சுட்டிக்காட்டச் சரியான இடம் கட்டுரையின் உரையாடல் பக்கம்; அங்கே சொந்தப் பெயரில், சான்றோடு பேசலாம்.

கடைசியாக, 'யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இடத்தில் சர்ச்சைக்காரர் பற்றி உண்மை எப்படித் தங்கும்' என்ற கேள்வி. இதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் ஜான் சீகன்தாலர். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குப் பங்கிருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்ற பொய், 2005இல் அவர் பக்கத்தில் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர் அவர். கென்னடியின் இறுதிச் சடங்கில் உடலைச் சுமந்தவர்களில் ஒருவர். அந்த நவம்பரில் 'யுஎஸ்ஏ டுடே'யில் அவர் எழுதிய பிறகே, வாழும் மனிதர்களைப் பற்றிச் சான்றில்லாத பாதகமான செய்தியை உடனே நீக்க வேண்டும் என்ற விதி விக்கிப்பீடியாவில் உருவானது. ஆனால் சீகன்தாலர் சர்ச்சைக்குரிய மனிதரே அல்ல. அவர் பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட ஆளில்லை. அதனால்தான் பொய் அத்தனை மாதம் அங்கே நிம்மதியாகக் குடியிருந்தது.